டாக்டருக்குப் பாடம் சொல்வது யார்?

கூரத்துத் தறிக்குழியில் காலை விட்டு நாளெல்லாம் பட்டு நெய்கிற தொழிலாளிக்கு இடுப்பு இற்றுப் போகிறது. டாக்டரிடம் போனால் புதுசாக ஒரு மாத்திரை. அதைப் பற்றி அவருக்குச் சொன்னது யார்?

பட்டம் வாங்கிய டாக்டரும் 5 ஆண்டுக்கு 30 மணி நேரமாவது மேற்கொண்டு படிக்க வேண்டுமென்று 2002-ல் விதி வந்தது. நல்ல விதிதான். ஆனால் பல வகுப்புகளுக்குப் பணம் கொடுப்பது மருந்துக் கம்பெனி! மண்டபம் அவன் வாடகை, விருந்து அவன் செலவு. பாடம் மட்டும் நமக்காகவா இருக்கும்?

கம்பெனிப் பணத்தில் நடக்கும் கூட்டங்களுக்கு டாக்டர்கள் போகக் கூடாதென்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ கமிஷன் விதித்தது. முதலாளிகள் கூக்குரலிட்டார்கள். அந்த மாதம் முடியுமுன்பே விதி கிடப்பில் போடப்பட்டது!

டாக்டர்மீது நமக்குக் கோபமில்லை. பஞ்சுத் தூசியில் இளைக்கும் ஆலைத் தொழிலாளியையும், பூச்சிமருந்து அடித்து மயங்கும் விவசாயக் கூலியையும் அறிந்து வைத்தியம் பார்க்க, சர்க்கார் கல்லூரியில் சர்க்கார் செலவில் அவருக்கு வகுப்பு நடத்து என்கிறோம்.