அக்கிக்கு அஞ்சி உயிரை விடுவதா?

எச்.ஐ.வி. தொற்றிய ஒருவர், குண்டசாலையிலிருந்து மகாவலியைக் கடந்து கண்டிக்குச் சென்று மருந்து பெற்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். குளிசை விழுங்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆகின்றன. திடீரென நெஞ்சின் ஒரு புறத்தில் நெருப்புப் பட்டாற்போல் எரிவு. அதன்மேல் கொத்துக் கொத்தாய்க் கொப்புளங்கள். அக்கி! "மருந்து செய்த வினை இது" என்கிறது அச்சம். "வெளியே சொல்லாதே" என்கிறது வெட்கம். குளிசை குப்பைக்குப் போகிறது, உயிர் ஊசலாடுகிறது.

இது மருந்தின் குற்றமா? இல்லை, இல்லவே இல்லை! கொப்புளிப்பான் மாறிய பின்னரும் அதன் கிருமி உடலை விட்டு அகல்வதில்லை. முதுகந்தண்டை அடுத்த நரம்புக் கணுக்களிற் பல்லாண்டு உறங்கிக் கிடக்கிறது. எச்.ஐ.வி. உடலின் காவலைக் குலைக்கும்போது அது விழித்தெழுகிறது. மருந்து தொடங்கிய முதற் சில மாதங்களில், மீண்டும் திரண்ட காவற்படை ஒளிந்திருந்த பகையை இனங்கண்டு தாக்குவதாலும் அக்கி வெளிப்படுவதுண்டு. எதிர்ப்பாற்றல் மிகத் தேய்ந்தபின் மருந்து தொடங்குவோர்க்கே இவ்விடர் மிகுதி. ஆகவே, காலந்தாழ்த்தாது தொடங்குவதும் தொடங்கியதை விடாது தொடர்வதுமே காப்பு.

அக்கி கண்டால் மூன்று நாட்களுக்குள் மருத்துவரை நாடி, அசைக்ளோவிர் போன்ற மருந்தைத் தொடங்க வேண்டும். கண்ணருகே கண்டால் ஒரு நாளும் பொறுக்கலாகாது. காவி பூசிக் காத்திருப்பது கண்ணுக்கே கேடாக முடியலாம்.

இவ்வளவு எளிய உண்மையை நோயாளி கேட்டறியத் தடையாக நிற்பவர் யார்? முதற் குற்றவாளி, ஊராராகிய நாமே! 2016 இல் குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனுக்கு, எச்.ஐ.வி. என்ற வெறும் வதந்தியால், பள்ளிக் கதவுகள் அடைக்கப்பட்டன. அவனுக்கோ அத்தொற்றே இல்லை! வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் அவனை ஏற்றது கண்டித் திரித்துவக் கல்லூரி. வதந்திக்கே இத்தண்டனை என்றால், உண்மையில் நோயுற்றவன் எப்படி வாய் திறப்பான்?

அடுத்து, அரசினரைக் கேட்கிறோம். 2004 முதல் இம்மருந்தை இலவசமாக வழங்குகிறீர்கள், போற்றுகிறோம். ஆனால், மருந்தோடு அறிவுரையும் சேர வேண்டாமா? "அக்கி வரலாம், வந்தால் ஓடி வா, குளிசையை நீயாக நிறுத்தாதே" என்ற மூன்று சொற்றொடர்களை முதல் நாளிலேயே, அவன் அறிந்த மொழியிற் சொல்வது கடமையன்றோ? மலையகத் தமிழனுக்குத் தமிழிற் சொல்வது சலுகையன்று. அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை தந்த உரிமை! அக்கியைத் தடுக்கும் உயிரற்ற தடுப்பூசியை, எதிர்ப்பாற்றல் குன்றிய 18 வயது கடந்தோர்க்கும் அமெரிக்கா 2021 இல் அனுமதித்தது. நம் ஏழைக்கு அது எப்போது?

ஊராருக்கும் ஒரு சொல். அக்கி கண்டவரெல்லாம் எச்.ஐ.வி. உடையவர் அல்லர். வயல் உழும் முதியவர்க்கும் அது வரும். வழக்காடும் நமக்கும் வரும். கொப்புளத்தைக் கண்டு குலங்கோத்திரம் ஆராய்வதை விடுங்கள். நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அக்கி ஆறிவிடும், கைவிட்ட மருந்தினால் போகும் உயிரோ, மீளாது!