விளையாட்டு உடைக்கு எத்துணி நன்று?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம்மவர் வழக்கு. விருந்துக்கும் விழாவுக்கும் செல்வோரை எண்ணியே இதனைச் சொல்வர். ஆயினும் இம்மொழி முற்றிலும் மெய்யாவது விளையாட்டு மைதானத்திலேதான். விழாவுக்கு உடுத்தும் ஆடை பிறர் கண்ணுக்கு இன்பம் தந்தாற் போதும்; விளையாட்டுக்கு உடுத்தும் ஆடையோ உடுத்தவன் உடலுக்கு உதவ வேண்டும்.

நோட்டன் பிரிட்ஜ் பகுதி இளைஞர் சிலர் நமக்கு ஒரு மடல் வரைந்துள்ளனர். தையல் அறிந்த நால்வர் கூடித் தோட்டத்துக் கழகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் விளையாட்டு உடைகள் தைத்து, தங்கள் சொந்தப் பெயரிலேயே விற்க எண்ணியிருக்கின்றனராம். "பருத்தியே உடலுக்கு நல்லது என்கிறார் ஒருவர், பொலியெஸ்டரே வேண்டும் என்கிறார் மற்றொருவர். எங்கள் கைமுதல் சிறிது. ஒருமுறை தவறினால் மறுமுறை துணி வாங்க வழியில்லை. எதனை வாங்குவது?" என்று கேட்கின்றனர்.

இவர்கட்கு நாம் கூறும் விடை ஒன்றே. துணியின் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். நனைந்தபின் அது என்ன செய்யும் என்று பார்த்து வாங்குங்கள்.

கெஹெல்கமு ஓயாவை மறித்து அணை கட்டிய இடம் நோட்டன் பிரிட்ஜ். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரையில் தென்மேற்குப் பருவமழை இம்மலைச் சாரலை நனைத்துக்கொண்டே இருக்கும். இங்கே உதைபந்தாடும் இளைஞன் அரை மணி நேரத்தில் வியர்வையால் நனைகிறான். ஆட்டம் முடிந்து அவன் மூச்சு வாங்கி நிற்கும்போதோ மூடுபனி இறங்குகிறது. சூட்டிலே தொடங்கும் விளையாட்டு நடுக்கத்திலே முடிகிறது. கொழும்பு வெயிலுக்கென்று தேர்ந்த துணி இவனுக்குப் பொருந்துமா என்பதே கேள்வி.

உடலிலிருந்து ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் செலவாகிறது. ஓடும்போது இஃது உடலைக் குளிர்விக்கும் நன்மை. ஓட்டம் நின்றபின் இதுவே தீமை. சாதாரணக் காற்றிலுள்ள ஈரத்தில், 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் எட்டரைக் கிராம் நீரைத் தன் இழைக்குள்ளேயே ஏற்கிறது. நைலோன் 4 கிராம் ஏற்கும். பொலியெஸ்டரோ அரைக் கிராமுங்கூட ஏற்பதில்லை. பருத்தி இழைக்குள் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. நனைந்த பனியன் கனத்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நீரானது காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், அவ்வாடை உடற்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இதனை நம் முன்னோர் ஏட்டைப் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தனர். முற்காலத்தில் கொழுந்தெடுக்கச் சென்ற பாட்டிமார் தலையிலே கம்பளியைப் போட்டுக்கொண்டு மழையில் நின்றனர். கம்பளி 100 கிராமுக்குச் சுமார் 16 கிராம் ஈரத்தை ஏற்பினும், சுருண்ட அதன் இழைகள் தமக்கிடையே காற்றைப் பிடித்து வைப்பதால், நனைந்த பின்னும் ஓரளவு சூடு தரும். ஆனால் முரட்டுக் கம்பளியை அணிந்து பந்தாட முடியாது; மெல்லிய கம்பளித் துணியோ விலை மிகுந்தது. ஆகவே நம் இளைஞர்கள் பொலியெஸ்டரின் பக்கமே திரும்ப வேண்டியவராகின்றனர்.

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்பீல்ட், டிக்சன் என்னும் இருவர் கண்ட இவ்விழை, தானாக வியர்வையைப் போக்கிவிடுவதில்லை. இழைகள் மயிரினும் மெல்லியனவாய்ப் பல சேர்ந்திருந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அவற்றின் இடுக்குகளில் வியர்வை ஊர்ந்து துணியின் வெளிப்புறத்தை அடைந்து உலரும். துணி சிறு கண்களுடன் பின்னப்பட்டிருந்தால் காற்றும் புகும். நெருக்கமாக நெய்த வழுவழுப்பான மலிவுத் துணியில் இவ்விரண்டும் இல்லை. அது கண்ணைப் பறிக்கும். உடலை வேக வைக்கும்.

மேற்சட்டைக்குச் சதுர மீற்றருக்கு 130 முதல் 160 கிராம் வரையிலான கண்ணுள்ள பின்னல் துணி ஏற்றது. காற்சட்டைக்குச் சற்றுக் கனத்த துணியுடன், நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு இலாஸ்டேன் கலந்திருப்பின், குனிந்து நிமிர இடர் இராது. நெடுநேரம் நின்று பந்து தடுக்கும் துடுப்பாட்டக்காரருக்கு முழுக்கை வேண்டும். பெண்பிள்ளைகளின் உடைக்கு மெல்லிய வெள்ளைத் துணி வேண்டாம். நனைந்தால் உடல் தெரியும் என்ற கூச்சம் ஆட்டத்தையே கெடுக்கும். வெயிற்காலத்தில் சிறுவர் ஓடியாடப் பருத்தி கலந்த துணி போதும். அதனை இகழ வேண்டியதில்லை.

பொலியெஸ்டரின் குறைகளையும் மறைத்தல் கூடாது. வியர்வை நாற்றம் அதில் எளிதில் தங்கும். ஆதலின் ஆடிய அன்றே அலச வேண்டும். நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அதனை அணிந்துகொண்டு விறகடுப்பின் முன் குளிர்காய்தல் ஆபத்து. துவைக்குந்தோறும் நுண்ணிழைகள் உதிர்ந்து நீரில் கலக்கும். கெஹெல்கமு ஓயா களனி கங்கையிற் சேர்கிறது. களனி நீர் கொழும்பு மக்களின் குடிநீர் என்பதையும் நினைவிற்கொள்வோம்.

துணி வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள் சில உள. ஒரு துளி நீரை விட்டுப் பாருங்கள். அது முத்தாக நில்லாமல் விரைந்து பரவ வேண்டும். துணியை வாயருகே வைத்து ஊதுங்கள். மூச்சு மறுபுறம் செல்ல வேண்டும். இழுத்து விடுங்கள், பழைய நிலைக்கு மீள வேண்டும். நனைந்த வெள்ளைத் துணியால் தேயுங்கள், சாயம் ஒட்டலாகாது. சாணளவு துண்டொன்றை அளந்து, சவர்க்காரமிட்டுத் துவைத்து உலர்த்தி, மீண்டும் அளந்து பாருங்கள், சுருக்கம் தெரிந்துவிடும். இவை யாவும் தேறிய பின்னரும் ஓர் உடைக்கு வேண்டிய துணியை மட்டுமே வாங்கித் தைத்து, உங்கள் கழகத்தில் அதிகம் ஓடுபவனுக்குக் கொடுங்கள். ஒரு மாதம் அவன் மழையிலும் பனியிலும் ஆடட்டும். அவன் தாயார் துவைக்கட்டும். அவ்விருவர் சொல்லையும் கேட்ட பின்னரே எஞ்சிய பணத்தைத் துணியில் இடுங்கள்.

இத்தொழில் நமக்கு எட்டாதது என்று எண்ண வேண்டாம். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. மலையகத்துப் பெண்கள் பலர் அங்கு சென்று தைக்கின்றனர். 1987இல் தொடங்கிய எம்.ஏ.எஸ். என்னும் இந்நாட்டு நிறுவனம் உலகப் புகழ்பெற்ற விளையாட்டு உடைகளைத் தயாரிக்கிறது. 2019ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கைத் துடுப்பாட்ட அணியினர் அணிந்த சட்டைக்கு, நம் கடற்கரைகளில் திரட்டிய பிளாஸ்டிக் கழிவிலிருந்தே அந்நிறுவனம் இழை எடுத்தது. விடுமுறைக்கு ஊர் வரும் அக்காமாரை அணுகிக் கேளுங்கள். தோலை உராயாத தட்டைத் தையல் எப்படியிருக்கும், பின்னல் துணியை எவ்வாறு வெட்டுவது என்பனவற்றை அவர்கள் சொல்லித் தருவர். உலகம் அணியும் உடையைத் தைத்த கைகள் நம் லயன்களிலேயே இருக்கின்றன.

நண்பர்களே, உடையின் மேல் எப்பெயரைப் பொறிப்பது என்பதைக் கடைசியில் எண்ணுங்கள். நனைந்த மாலையிலும் நடுங்காமல் வீடு திரும்பும் பிள்ளை, மறுமுறையும் அச்சட்டையையே கேட்பான். உங்கள் பெயரை ஊரெங்கும் சொல்பவனும் அவனே.