பெருஞ்சோறு சுமந்தோர்

பாரதப் போரிற் படைகளுக்குச் சோறு வழங்கினான் என்று உதியஞ் சேரலாதனைப் புறநானூற்றின் இரண்டாம் பாட்டுப் புகழ்கின்றது. தொல்காப்பியரும் வஞ்சித்திணையிற் பெருஞ்சோற்றுநிலை என ஒரு துறை வகுத்தார். ஆயின், அச்சோற்றைக் களத்துக்குச் சுமந்துசென்ற வண்டிக்காரர் யாவர்? பாட்டும் கூறவில்லை, துறையும் கூறவில்லை. வகுப்பில் இப்பாட்டைக் கற்பிக்குந்தோறும் இக்குறை எமக்குத் தோன்றுவதுண்டு.

இரண்டாம் உலகப் போரில் இலங்கையிற் கட்டாயப் படைச்சேவை இருந்ததில்லை. விரும்பிச் சேர்ந்தவரே சென்றனர். அவருள் ஒருசாரார் பிரித்தானியப் படையின் போக்குவரத்துப் பிரிவிற் சேர்ந்து மத்திய கிழக்கிலே லொறி ஓட்டினர். தண்ணீர், பெற்றோல், வெடிமருந்து, மாமூட்டை ஆகியவற்றைக் கொண்டுபோவதும், திரும்புங்கால் காயப்பட்டோரை ஏற்றிவருவதுமே அவர் தொழில். விளக்கின்றி இரவில் ஓட்டுதல் வேண்டும். துப்பாக்கி ஏந்தியவன் பதுங்குகுழியில் ஒளியலாம்; லொறிக்குப் பதுங்குகுழி ஏது?

இத்தொழிலின் பெருமையை அறிய 1944 ஆம் ஆண்டின் இம்பால் முற்றுகையை நோக்குக. திமாப்பூர்ப் புகையிரத முனையிலிருந்து கோகிமா வழியாக இம்பாலுக்குச் செல்லும் மலைப்பாதையை யப்பானியர் அவ்வாண்டு பங்குனி இறுதியில் அறுத்தனர். அதன்பின் உள்ளே அகப்பட்ட படைக்கு உணவு வானவழியாகவே சென்றது. கோகிமாவில் நிகழ்ந்த கடும்போரை நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆயின், முற்றுகை நீங்கியது எந்நாள் என வினவின், யூன் 22 என்பர். அன்று வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த படைகள் 109 ஆம் மைற்கல்லருகே சந்தித்தன, பாதை திறந்தது, லொறிகள் இம்பாலுக்குள் ஓடின. வெற்றியை அளந்த கோல் லொறி ஓடும் பாதையே அன்றோ!

இப்போர்முனை நமக்குத் தொலைவானதன்று. 1942 இல் இரங்கூன் வீழ்ந்ததும் இலங்கைக்குப் பர்மா அரிசி வருவது நின்றது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மக்கள் பங்கீட்டு அரிசிக்குக் காத்துநின்றனர். அவ்வாண்டு ஏப்பிரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்புத் துறைமுகத்திலும் இரத்மலானை விமானத்தளத்திலும் குண்டுகள் வீழ்ந்தன. நகரை விட்டு ஓடியவர் பலர். ஓடாது பாரம் ஏற்றியோரும் இருந்தனர்.

அது வெள்ளையர் போர், நமக்கென்ன என்பாரும் உளர். அக்காலத்திலே அவ்வாறு கூறிச் சிறைசென்ற இடதுசாரிகளை நாம் இகழோம். எனினும், சோறும் நீரும் காயப்பட்டோரும் எந்த அரசுக்கும் தனியுடைமையல்ல.

மறதிக்கு மெய்க்காரணம் வேறென்பது எமது துணிபு. நம்மவர் வைத்தியரையும் வழக்கறிஞரையும் எழுதுவினைஞரையும் எண்ணி மகிழ்வர். “லொறி ஓட்டினான்” என்பதை வீட்டிலும் தாழ்ந்த குரலிலேயே சொல்வர். இந்நாட்டில் மோட்டார் ஓட்டுவோனைச் சாரதி என்றே வழங்குகின்றோம். பார்த்தனுக்குச் சாரதியாக நின்ற கண்ணனை வணங்கும் நாமே, கன்னனுக்குத் தேரோட்டுதல் இழிவெனச் சினந்த சல்லியனின் மனத்தைக் கைவிட்டிலேம்.

விகாரமாதேவிப் பூங்காவிலுள்ள போர்நினைவுத் தூண் முன்னர்க் காலிமுகத்திடலில் நின்றது. யப்பானியர் குறிபார்க்க அது அடையாளமாகும் என அஞ்சிப் போர்க்காலத்திற் பெயர்த்து வைத்தனர். அக்கற்களையும் யாரோ ஒரு சாரதிதான் ஏற்றிச் சென்றிருத்தல் வேண்டும்!

போருக்குச் சென்றவருள் இன்று உயிருடனிருப்போர் அரியர். எஞ்சியவை காகிதங்களே. 1983 ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் பிறவிடங்களிலும் வீடுகள் எரிந்தபோது அவற்றோடு எரிந்த பெட்டிகள் எத்தனையோ! தப்பியவையும், பழைய வீடுகளை இடித்து மாடிக் குடியிருப்புகள் எழுப்புங்காலும், பிள்ளைகள் கனடாவுக்கோ இலண்டனுக்கோ பெயருங்காலும் குப்பையிற் சேர்கின்றன.

ஆதலின், பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா ஆண்டிலேயே ஒரு பதிவேடு திறத்தல் வேண்டும். தந்தையோ பாட்டனாரோ போக்குவரத்துப் படையிற் பணியாற்றியிருப்பின், அவர் பெயர், படையெண், கம்பனி, சென்ற நாடுகள், ஓட்டிய வண்டி ஆகியவற்றை எழுதித் தருக. சம்பளப் புத்தகமோ பதக்கமோ இருப்பின், கல்லூரி நூல்நிலையத்தில் அதனைப் படமெடுத்துப் பதிந்தபின் திருப்பித் தரலாம். தகவல் அரைகுறையாயினும் தாழ்வில்லை. ஊர்ப்பெயர் ஒன்றே நினைவிலிருப்பினும் அதனையும் எழுதுக.