இவருக்குப் பதில் இவர்!

டி.வி சீரியலில் நடிகர் மாறினால், 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டுவிடுவார்கள். நாமும் இரண்டு வாரத்தில் பழகிவிடுவோம். காமிக்ஸில் ஓவியர் மாறினால் விஷயம் அவ்வளவு எளிதல்ல. ஒரு முகம் மட்டுமல்ல. எல்லா முகங்களும், வீடும், மரமும், இருட்டும் சேர்ந்தே மாறிவிடும்.

சூப்பர் ஹீரோ கதைகளில் இது பெரிதாக உறுத்தாது. ஸ்பைடர்மேனை யார் வரைந்தாலும் முகமூடி காட்டிக்கொடுத்துவிடும். படைப்பாளிகளே உரிமையை வைத்துக்கொண்டு நடத்தும் தனித் தொடர்களில் பெரும்பாலும் அப்படி இல்லை. சாதாரண சட்டை போட்ட சாதாரண மனிதர்களுக்கு, ஓவியரின் கோடுதான் அடையாளம்.

'தி வாக்கிங் டெட்' இதற்கு நல்ல உதாரணம். 2010-ல் டி.வி தொடராக வந்து உலகம் முழுக்கப் பரவிய இந்த ஜாம்பி கதை, 2003-ல் அமெரிக்காவின் இமேஜ் காமிக்ஸ் வெளியீடாகத் தொடங்கிய கறுப்பு வெள்ளை இதழ். கதை ராபர்ட் கிர்க்மன். ஓவியம், அவருடைய பள்ளிக்கால நண்பர் டோனி மூர்.

மூரின் கோடு நுணுக்கமானது. பெரிய கண்கள், உருண்டையான முகங்கள், பயமோ சிரிப்போ பளிச்சென்று தெரியும் பாவங்கள். ஜாம்பியின் கிழிந்த தோலையும் பல்லையும்கூடப் பொறுமையாக இழைத்திருப்பார். ஆனால், உள்பக்கங்களில் அவர் வரைந்தது முதல் 6 இதழ்கள் மட்டுமே.

2004-ல், 7-வது இதழில் இங்கிலாந்துக்காரரான சார்லி ஆட்லர்ட் வந்தார். பக்கங்கள் சட்டென்று இருண்டன. தடித்த கறுப்பு, பாதி நிழலில் மறைந்த முகம், வேகமாக இழுத்த கோடு. மூரைப் போல வரைய அவர் முயலவே இல்லை. அட்டைப்படத்தை மட்டும் 24-வது இதழ் வரை மூரே தொடர்ந்தார். அதனால் 18 இதழ்களுக்கு அட்டையில் ஒரு ரிக், உள்ளே வேறு ரிக்!

ஆனாலும் தொடர் தடுமாறவில்லை. காரணம், கதையும் அதே இடத்தில்தான் திரும்பியது. 6-வது இதழின் முடிவில் சிறுவன் கார்ல், அப்பாவைக் காப்பாற்ற ஒரு மனிதனையே சுட்டுவிடுகிறான். அடுத்த இதழில் பனிக்காலம். போக இடமில்லாத பயணம். அதற்கு அந்தக் கறுப்பு பொருந்திப்போனது. மிஷோன், கவர்னர், நீகன் எல்லோரும் பிறந்தது ஆட்லர்டின் கையில். ரிக் கையை இழந்ததும், கார்ல் கண்ணை இழந்ததும் அவர் வரைந்த பக்கங்களில்தான். 2019-ல் 193-வது இதழோடு தொடர் முடிந்தபோது, 187 இதழ்களை அவர் வரைந்திருந்தார். இடையில் மாதம் இருமுறை இதழ் வந்த கட்டத்தில், அவருடைய பென்சில் கோட்டுக்கு மை தீட்ட ஸ்டெஃபானோ கௌடியானோ சேர்ந்தார். கோடு கொஞ்சம் மெலிந்து சுத்தமானது. ஆனால் தோற்றம் ஆட்லர்டுடையதாகவே இருந்தது.

அப்படியானால் ரிக் யாருடைய முகம்? நீண்ட காலம் உடன் இருந்தவருடையதா, முதலில் உருவம் கொடுத்தவருடையதா? ரிக், கார்ல், கிளென், ஆண்ட்ரியா என்று முதல் உருவங்களை வரைந்தவர் மூர். டி.வி தொடர் வெற்றி பெற்ற பிறகு, 2012-ல் உரிமையும் வருமானமும் தொடர்பாக மூர், கிர்க்மன் மீது வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டில் அது சமரசத்தில் முடிந்தது. ஓவியர் விலகலாம், அவர் வரைந்த முகம் கதையோடு போய்க்கொண்டே இருக்கிறது. அதில் அவருக்கு என்ன பங்கு என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதிவைப்பது நட்புக்கும் நல்லது.

2020 முதல் இந்தத் தொடர் வண்ணத்தில் மறுபடி வெளிவரத் தொடங்கியது. வண்ணம் தீட்டியவர் டேவ் மெக்கெய்க். 6-வது இதழையும் 7-வது இதழையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஆள் தீட்டிய வண்ணத்துக்கு அடியிலும், கை மாறிய இடம் தெளிவாகத் தெரியும்.