'ஒண்டு மட்டும் மச்சான்'

"ஆறு மாசம் தொடாமல் இருந்தவர். கலியாணவீட்டில திரும்பத் தொடங்கிட்டார்." இந்தக் கதையைக் கேட்காதவர்கள் எங்களுக்குள் குறைவு. அடுத்து என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும். "அவனுக்கு ரோசம் இல்லை. பிள்ளையின்ர தலையில கை வைச்சுச் சத்தியம் பண்ணினவன்தானே?" அத்தோடு கதை முடிந்துவிடும். அந்தக் கலியாணவீட்டில் அவருக்குக் கிளாஸை நீட்டியது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

1990களில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளின் மூளையில் டோபமின் கலங்களை அவதானித்தார். முதலில் பழச்சாறு வாயில் விழும்போது அந்தக் கலங்கள் துடித்தன. சாற்றுக்கு முன்னர் ஒரு சமிக்ஞை வரும் என்று குரங்கு பழகிய பிறகு, சாற்றுக்குத் துடித்தவை சமிக்ஞைக்கே துடிக்கத் தொடங்கின. குடிக்குப் பழகிய மூளையிலும் இப்படித்தான் நடக்கிறது. சம்பளநாள் பின்னேரம், தவறணைச் சந்தி, போத்தல் மூடி திறபடுகிற சத்தம், வழமையாகச் சேர்ந்து குடிக்கிற கூட்டாளியின் முகம் எல்லாமே சமிக்ஞைகள். அவற்றைக் கண்டதும் உணர்ச்சி நினைவுகளோடு தொடர்புள்ள அமிக்டலாவும் வேட்கையோடு தொடர்புள்ள நியூக்கிளியஸ் அக்கம்பென்ஸும் விழித்துக்கொள்கின்றன. "பொறு" என்று சொல்லவேண்டிய முன்மூளைப் பகுதியோ பல வருசக் குடியால் ஏற்கெனவே தளர்ந்துபோயிருக்கும்.

எலிகளை வைத்துச் செய்த பரிசோதனைகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. ஒரு கூட்டில் நெம்பை அழுத்தி மது குடிக்கப் பழகிய எலியை, வேறு மணமும் வேறு தரையும் உள்ள கூட்டுக்கு மாற்றுகிறார்கள். அங்கே எத்தனை தரம் அழுத்தினாலும் மது வராது. கொஞ்ச நாளில் எலி அழுத்துவதை விட்டுவிடும். ஆனால் பழைய கூட்டில் திரும்ப விட்டால், மது வராவிட்டாலும் மறுபடி அழுத்தத் தொடங்கும். பழைய பாடம் அழியவில்லை. புதுப் பாடம் புது இடத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இப்ப எங்கட ஊருக்கு வருவம். சிகிச்சை நிலையத்தில் சில மாதங்கள் இருந்து, நல்லாகத்தான் வீட்டுக்கு வருகிறார் ஒருவர். அதே ஒழுங்கை, அதே சந்தி, அதே நாங்கள். அவர் வந்து சேர்ந்திருப்பது பழைய கூட்டுக்கு.

"அப்ப குடிச்சவருக்குப் பொறுப்பே இல்லையோ?" என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் சத்தியம் பண்ணுவது மட்டும் பொறுப்பு ஆகாது. எந்தப் பின்னேரம் ஆபத்தானது, எந்த ரோட்டால் போகக்கூடாது, மனம் இழுக்கும்போது யாருக்குக் கோல் எடுப்பது என்று முன்கூட்டியே யோசித்து வைப்பதும் பொறுப்புத்தான். வேட்கையைக் குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன. வைத்தியரிடம் கேட்பதில் வெட்கமில்லை. ஒருநாள் சறுக்கினால், "எல்லாம் போச்சு" என்று கைவிடாமல் அடுத்தநாளே சிகிச்சைக்குத் திரும்பவும் வேண்டும்.

மிச்சப் பொறுப்பு எங்களுடையது. இலங்கையில் மதுவிளம்பரங்களை 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. போயா நாட்களில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும். ஆனால் கலியாணவீட்டுப் பின்வளவுக்கும், செத்தவீட்டு இரவுக்கும், மச் முடிஞ்ச பிறகு நிற்கிற வானுக்கும் எந்தச் சட்டமும் வராது. அங்கே "ஒண்டு மட்டும் மச்சான், ஒண்டும் செய்யாது" என்று சொல்வது நாங்கள். "என்ன, மனிசிக்குப் பயமோ?" என்று பம்பலடிப்பதும் நாங்கள்தான். அந்த ஒண்டே அவரது மூளைக்கு எல்லாவற்றிலும் பெரிய சமிக்ஞை.

குடியை விட்ட ஒருவரைக் கூட்டத்தில் இருந்து ஒதுக்கச் சொல்லவில்லை. தனிமையும் குடிக்குத்தான் இழுக்கும். அடுத்த கலியாணவீட்டில் எங்களில் ஒருவர் பின்வளவுக்குப் போகாமல் அவரோடு பந்தியில் இருக்கலாம். சாப்பிட்டு முடிய, தவறணைச் சந்தி இல்லாத ரோட்டால் அவரை வீட்டில் கொண்டுபோய் விடலாம்.