கோயில் இல்லாத காலத்துக் கோணமலை

ஈழத்துச் சிவாலயங்களுள் தேவாரத் திருப்பதிகம் பெற்றவை இரண்டேயாகும். ஒன்று மாதோட்டத்திலே பாலாவிக் கரையில் விளங்கும் திருக்கேதீச்சரம். மற்றையது திருகோணமலையிலே கடலை நோக்கி நிமிர்ந்து நிற்கும் கன்மலையின் உச்சியில் அமைந்த கோணேச்சரம். இவ்வாரம் நேயர்களை இரண்டாவது தலத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகின்றோம்.

அங்குள்ள கோபுரத்தையும் மண்டபத்தையும் வருணிப்பது நமது நோக்கமன்று. இன்று நாம் காணும் கோயிலுக்கு 1963-ஆம் ஆண்டிலே குடமுழுக்கு நடைபெற்றது. பழைய கோயிலோ 1622-ஆம் ஆண்டளவிலே பறங்கியரால் இடிக்கப்பட்டது. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே ஏறக்குறைய முந்நூற்று நாற்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அத்துணைக் காலமும் மலையுச்சியிலே பெருங்கோயில் இல்லை. ஆயினும் வழிபாடு ஒழிந்துவிடவில்லை. இஃது எங்ஙனம் கூடிற்று என்பதே நாம் இன்று சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் மலையின் இருப்பை மனக்கண்ணாற் காண்போம். திருகோணமலை நகரிலிருந்து கிழக்கே கடலுக்குள் ஒரு நிலக்கூறு நீண்டு செல்கின்றது. அதன் இருமருங்கும் குடாக்கடல். நிலம் செல்லச் செல்ல உயர்ந்து, முடிவிலே ஏறத்தாழ 350 அடி உயரமுள்ள செங்குத்தான பாறையாக நின்று, திடீரெனக் கடலில் இறங்கி விடுகின்றது. கோட்டை வாயிலினூடாகப் புகுந்து, நிழல் மரங்களின் கீழ் அச்சமின்றி மேயும் புள்ளிமான்களைக் கண்டுகொண்டே மேலே ஏற வேண்டும். ஏறி முடிந்ததும் எதிரே நிலமில்லை. வானும் நீருமே தோன்றும். பாறையடியிலே அலை மோதும் ஓசை மேலேயும் கேட்கும். இறைவன் கோணேசர், இறைவி மாதுமையாள், தலவிருட்சம் கல்லால், தீர்த்தம் பாவநாசம்.

இத்தகைய இடத்தைப் பற்றிக் கதைகள் எழாதிருத்தல் அரிது. ஆதிசேடனுக்கும் வாயுபகவானுக்கும் தம்முள் வலியார் யார் என்ற போட்டி மூண்டது. ஆதிசேடன் மலையைத் தன் உடலாற் சுற்றி மூடிக்கொண்டான். வாயு சீறி மோதவே சிகரங்கள் மூன்று பெயர்ந்து பறந்தன. அவை விழுந்த இடங்களே திருக்காளத்தி, திருச்சிராப்பள்ளி, திருக்கோணமலை என்பர். ஆதலினாலே இம்மலைக்குத் தட்சிண கைலாசம் என்ற பெயரும் உண்டு. இதே பெயரால் ஒரு தலபுராணமும் எழுந்தது.

மற்றொரு கதை இராவணனைப் பற்றியது. சிவபத்தியிற் சிறந்த அவன் தாய், முதுமையினாலே தளர்ந்து கோணேசரைத் தரிசிக்க இயலாதவளானாள். மலையையே பெயர்த்துச் சென்று தாயின் முன் வைப்பேன் என்று துணிந்த மைந்தன் வாளால் அதனைப் பிளந்தான். இறைவன் திருவடியை ஊன்றவே செருக்கு அடங்கினான். மலையின் பக்கத்திலே ஆழமாகக் காணப்படும் பிளவை இன்றும் இராவணன் வெட்டு என்றே அழைக்கின்றோம். அதன்பின் அவன் தாய் இறந்தாள் என்ற செய்தியை முதியவர் வேடத்தில் வந்த திருமால் உரைத்து, அந்தியக் கிரியைக்கு வேண்டிய நீர் சுரக்கும்படி ஏழிடங்களிலே நிலத்தைக் குத்தினார் என்றும், அவையே கன்னியாய் வெந்நீர்க் கிணறுகள் என்றும் கதை தொடர்கின்றது. நகரிலிருந்து ஏறக்குறைய ஐந்து மைல் தொலைவிலே அவ்வேழு கிணறுகளும் ஒன்றுக்கொன்று வேறுபட்ட வெப்பத்துடன் உள்ளன. இறந்தோர்க்குரிய கிரியைகளை அவ்விடத்திலே செய்யும் வழக்கமும் நம்மவரிடையே நெடுங்காலம் இருந்து வந்தது.

"ஐயா, இராவணன் உண்மையாகவே மலையை வெட்டினானா?" என்று மாணாக்கர் நம்மைக் கேட்பதுண்டு. பாறைகள் பிளவுபடுவதும் நிலத்தடி வெப்பத்தினால் நீர் சூடாவதும் நிலநூலார் விளக்கும் இயற்கை நிகழ்ச்சிகளே. அவ்விளக்கத்தை மறைத்துப் பிள்ளைகளுக்குக் கதையை வரலாறாகப் புகட்டுதல் ஆசிரியர்க்கு அழகன்று. ஆனால், கதையைப் பொய்யென்று எறிந்துவிடுதலும் அறிவுடைமையாகாது. கிழவியான தாய் ஒருத்தி கோயிலுக்குப் போகமுடியவில்லையே என்று வருந்துவதும், அவ்வருத்தத்தைப் பொறாத மகன் தன் வலிமைக்கு மிஞ்சிய செயலிலே இறங்குவதும் எந்த ஊரிலும் எந்த வீட்டிலும் நிகழக்கூடியன. பாறையின் பிளவைக் காணுந்தோறும் தாயன்பையும் செருக்கின் வீழ்ச்சியையும் ஒருங்கே நினைக்கும்படி நம் முன்னோர் செய்து வைத்தனர். நிலநூல் பிளவு உண்டான வகையைச் சொல்லும். அதன்முன் நின்று நாம் நினைக்கவேண்டியதைக் கதை சொல்லும்.

இனி, கோயில் எழுந்த செய்திக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடினார். இராமேச்சரத்திலே இருந்தவாறே கோணமலையை நினைந்து பாடினார் என்பது மரபு. அவர்தம் பதிகங்களில் எட்டாவது பாடலிலே இராவணன் மலையெடுத்த செய்தியை வைப்பது வழக்கம். கோணமலைப் பதிகத்தை இம்மலையிலே நின்று ஓதுவோர்க்கு அச்செய்தி தனிச்சுவை தருவதாகும். பின்னாளிலே அருணகிரிநாதரும் இத்தலத்துக்குத் திருப்புகழ் பாடினார்.

திருப்பணி செய்த மன்னனாக மரபு போற்றுவது குளக்கோட்டனை. குளமும் கோட்டமும் அமைத்தமையால் அப்பெயர் பெற்றான் என்பர். கோட்டம் கோணேச்சரம், குளம் கந்தளாய்க் குளம். கோயிலுக்கு நாள்தோறும் அமுது வேண்டும். அமுதுக்கு நெல் வேண்டும். நெல்லுக்கு நீர் வேண்டும். ஆதலின் மலைக்கோயிலையும் வயற்குளத்தையும் மரபு ஒருவன் கையிலேயே கொடுத்தது. கவிராசவரோதயன் இயற்றிய கோணேசர் கல்வெட்டு என்னும் நூல், அம்மன்னன் தானத்தார், வரிப்பத்தார் முதலியோரைக் குடியிருத்தி, அவரவர்க்குரிய தொண்டுகளை வகுத்த வரலாற்றைக் கூறுகின்றது. பண்டாரத்தைக் காப்பது, பூவெடுப்பது, மாலை கட்டுவது, விளக்கேற்றுவது, நெற்குற்றுவது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு குடிக்கு உரிமையாயிற்று. கோயில் அரசனுடைய கட்டடமாக மட்டும் நின்றுவிடாமல் ஊரவர் பலருடைய அன்றாடக் கடமையாகவும் ஆயிற்று என்பதை நேயர்கள் நினைவில் இருத்துக. பின்னர் வந்த இடரிலே கைகொடுத்தது இதுவே.

அவ்விடர் பறங்கியரால் வந்தது. கொன்ஸ்தந்தீனு டி சா என்னும் போர்த்துக்கேயத் தளபதியின் காலத்திலே, மலையடியிலும் இடையிலும் உச்சியிலுமாக இருந்த மூன்று கோயில்களும் தகர்க்கப்பட்டன. சித்திரைப் புத்தாண்டு நாளிலே சுவாமி நகர்வலம் சென்றிருந்த வேளையிற் பறங்கிப் போர்வீரர் பிராமணர் வேடத்திலே உட்புகுந்தனர் என்பது செவிவழிச் செய்தி. இடித்த கற்களைக்கொண்டே அவர்கள் கோட்டை கட்டினார்கள். அக்கோட்டை வாயிலிலே மீன் உருவங்களும் தமிழ் எழுத்துகளும் பொறித்த கல் ஒன்று பதிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். மேற்கிலிருந்து வருவோரால் இத்திருப்பணி அழியும் என்று முன்கூட்டியே உரைத்த வாக்கு அதிலே உள்ளது என்று ஊரவர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர்.

போர்த்துக்கேயருக்குப்பின் ஒல்லாந்தரும் அவர்க்குப்பின் ஆங்கிலேயரும் கோட்டையை ஆண்டனர். கோயிற் கல் கோட்டைச் சுவராகவே கிடந்தது. கற்கள் போயின, எஞ்சியது யாது? மூன்று பொருள்கள் எஞ்சின என்று நாம் கருதுகின்றோம்.

முதலாவது, திருவுருவங்கள். அடியார்கள் சில விக்கிரகங்களை எடுத்துச் சென்று மறைத்து வைத்தனர். அவற்றின் பொருட்டுத் தம்பலகாமத்திலே வயல்களின் நடுவே ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது. மலையிலிருந்து இறங்கிய பெருமானைத் தொடர்ந்து தொண்டு செய்யும் குடிகளும் அங்கே சென்றன. மலையிலே நின்றுபோன பூவும் விளக்கும் நெல்லும் சமவெளியிலே நிற்காமல் நடந்தன. வேறு சில விக்கிரகங்கள் மண்ணுள்ளே புதைந்து கிடந்தன. 1950-ஆம் ஆண்டிலே நகரிற் கிணறு வெட்டியபோது சிவபெருமான், அம்பிகை, பிள்ளையார் முதலிய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் அச்சத்தோடும் அன்போடும் அவற்றை மண்ணிலே மறைத்த கைகள் யாருடையவையோ! அவர்களின் பெயரை எந்தக் கல்லும் பொறித்து வைக்கவில்லை.

இரண்டாவது, இடம். கோயில் இல்லையெனினும் பாறை இருந்தது. பாறையின் விளிம்பிலே நின்று கடலை நோக்கிப் பூசை செய்யும் வழக்கம் தொடர்ந்தது. எமர்சன் டெனன்ட் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1859-இல் வெளியிட்ட தமது இலங்கை நூலிலே இக்காட்சியை வருணித்துள்ளார். அந்தணர் ஒருவர் அபாயமான பாறைவழியே இறங்கிச் சென்று, காணிக்கைகளைக் கடலிலே சொரிந்து, தீபத்தைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டுவார். அடியார்கள் கைகூப்பி நிற்பார்கள். கருவறை இல்லை, கதவு இல்லை, கூரையும் இல்லை. வானமே விமானம், கடலே பெருமானின் இருப்பிடம். கோட்டைக்கு ஆங்கிலேயர் தம் நாட்டுக் கோமகன் ஒருவருடைய பெயரைச் சூட்டினார்கள். ஆனால், அப்பாறையைச் 'சுவாமி றொக்' என்றே அவர்களும் எழுதினார்கள். அடியார் நாவிலே வாழ்ந்த பெயரை ஆள்பவர் மாற்றவில்லை.

மூன்றாவது, சொல். தேவாரப் பதிகம் ஓதப்பட்டது, தலபுராணம் படிக்கப்பட்டது, பாட்டிமார் இராவணன் வெட்டின் கதையைப் பேரர்க்குச் சொன்னார்கள். இங்கே ஒரு கோயில் இருந்தது, மீண்டும் இருக்கவேண்டும் என்ற நினைவு இவ்வழியாகவே கைமாறி வந்தது. கதைகளை நாம் எள்ளி நகையாடலாகாது என்று முன்னே கூறியதன் காரணம் இதுவே. கல் இல்லாத காலத்திலே கோயிலைத் தாங்கிய தூண்களுள் அவையும் ஒன்று.

1956-ஆம் ஆண்டிலே ஆதர் சி. கிளார்க் என்னும் எழுத்தாளரும் அவர்தம் நண்பர் மைக் வில்சனும் பாறையடியிலே கடலுள் மூழ்கி ஆராய்ந்தபோது, பழங்கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியிலே கிடக்கக் கண்டனர். கடலிலிருந்து மீட்கப்பட்டதெனக் கூறப்படும் இலிங்கம் ஒன்று இன்றைய கோயிலிலே வழிபடப்படுகின்றது. மக்களின் முயற்சியால் மலைமேற் கோயில் மீண்டும் எழுந்து, 1963-இல் குடமுழுக்குக் கண்டது.

இன்று பங்குனி உத்தரத்தையொட்டிப் பெருவிழா நடைபெறுகின்றது. மகா சிவராத்திரிக்குப்பின் கோணேசர் மலையிலிருந்து இறங்கி நகர்வலம் வருகின்றார். வீதிதோறும் நிறைகுடம் வைத்து வரவேற்கின்றார்கள். நடக்க இயலாத தாயொருத்தி தன் வாசலிலேயே பெருமானைக் காணும் நாள் அது. மலையைப் பெயர்க்க முனைந்த மைந்தனாலே முடியாத காரியத்தை இறைவன் தானே இறங்கி வந்து முடித்து வைக்கின்றான் என்றுகூட நாம் எண்ணி மகிழலாம். ஆடி அமாவாசையிலே பிதிரரை நினைந்து கடலாடுவோர் பலர். பாறை விளிம்பிலுள்ள மரத்திலே பிள்ளை வரம் வேண்டுவோர் சிறு தொட்டில்கள் கட்டுவதையும் காணலாம்.

ஆனால், விடுமுறை நாட்களிலே மலைக்கு வருவோரைப் பார்க்கும்போது நமக்கு ஒரு கவலை எழாமலில்லை. மானைப் பார்த்துக் கடலைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பிள்ளைகள் பலர். இராவணன் வெட்டு எங்கே என்று கேட்பவர் சிலர். கோட்டை வாயிற் கல்லைத் தொட்டுக்காட்டி, 'இது நம் கோயிற் கல்' என்று சொல்லிக் கொடுக்கும் பெற்றோர் மிகச் சிலர். கோயில் இல்லாத முந்நூற்று நாற்பது ஆண்டுகள் நினைவைக் காத்தவர்களின் வழிவந்த நாம், கோயில் இருக்கும் காலத்திலே அதனை இழந்துவிடலாகாது. தம்பலகாமத்தை அறியாமல் கோணமலையை அறிய முடியாது. குளத்தை மறந்து கோட்டத்தை நினைத்தல் அரைகுறை நினைவேயாகும்.

ஆதலின் அடுத்தமுறை குடும்பத்தோடு திருகோணமலைக்குச் செல்லும் நேயர்கள், கோட்டை வாயிலிலேயே சற்று நிற்க வேண்டுகின்றோம். கல்லைக் காட்டுங்கள். ஏறும் வழியிலே பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லுங்கள். கதை எது, வரலாறு எது என்பதையும் மறையாது சொல்லுங்கள். பதிகத்திலே ஒரு பாடலையேனும் மலையுச்சியிலே பிள்ளைகளின் வாயால் ஓதச் செய்யுங்கள். திரும்பும்போது தம்பலகாமத்துக்குப் போய் ஆதிகோணநாயகரையும் வணங்குங்கள். பெருமான் பன்னெடுங்காலம் வயல் நடுவே விருந்தாக இருந்த ஊர் அது.