வேரைக் காக்கும் பூஞ்சை

நோய் வந்த பின் செலவிடத் தயங்காத நாம், வருமுன் காக்கச் செலவிடத் தயங்குகிறோம். காடு வளர்ப்போருக்கும் அரசுகளுக்கும்கூட இது பொருந்தும். ஐரோப்பிய ஊசியிலைக் காடுகளில் ஒரு பூஞ்சையைக் கொண்டே மற்றொரு பூஞ்சையைத் தடுக்கும் முறையின் வரலாறு இதற்குச் சான்று.

பைன், ஸ்புரூஸ் மரங்களின் வேரையும் அடிமரத்தையும் அழுகச் செய்வது ஹெட்டரோபேசிடியான் என்னும் பூஞ்சை. இதனால் ஐரோப்பாவுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு சுமார் 80 கோடி யூரோ என்று 1990-களின் இறுதியில் மதிப்பிடப்பட்டது. இந்நோய்க்குப் பெரும்பாலும் வாசல் திறந்துவிடுவது மனிதனின் ரம்பம்தான். நெருக்கமான காட்டில் சில மரங்களை வெட்டி நீக்கும்போது, காற்றில் வரும் வித்துகள் புதிய அடிக்கட்டைகளின் மீது படிகின்றன. அங்கு முளைக்கும் பூஞ்சை வேருக்குள் இறங்கி, வேரும் வேரும் தொட்டுக்கொள்ளும் இடங்கள் வழியே அண்டை மரங்களுக்குப் பரவுகிறது.

கிழக்கு இங்கிலாந்தின் பைன் தோட்டங்களை ஆராய்ந்து இதனைத் தெளிவாக்கியவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் ரிஷ்பெத். தீர்வுக்கும் அவர் இயற்கையிடமே சென்றார். வெட்டுண்ட மரத்தில் வாழும் ஃபிளெபியாப்சிஸ் ஜைஜான்டியா என்னும் பூஞ்சையின் வித்துகளை உடனே அடிக்கட்டையில் இட்டால், அது இடத்தை முந்திக்கொண்டு கைப்பற்றும். நோய்ப் பூஞ்சைக்கு அங்கு இடமிராது. இம்முறை குறித்த அவரது ஆய்வுக் கட்டுரை 1963-இல் வெளிவந்தது.

1990-களில் பின்லாந்தில் இது 'ரோட்ஸ்டாப்' என்ற வணிகப் பொருளாயிற்று. இன்று மரம் அறுக்கும் இயந்திரமே வெட்டும் கணத்தில் இந்த வித்துக் கரைசலைத் தெளித்துவிடுகிறது. அடிக்கட்டை முழுவதும் நனைந்ததா என்று கண்டறிய நீலச் சாயமும் கலக்கிறார்கள்.

இவ்வளவு எளிய முறையைச் சந்தையின் பொறுப்பில் விட்டுவிடலாமே என்று தோன்றலாம். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், விடலாகாது என்பேன். தெளிக்கும் செலவு இன்று. பயனோ பல பத்தாண்டுகள் கழித்து. மரத்தை வெட்டும் ஒப்பந்ததாரருக்கு அந்தப் பயனில் பங்கில்லை. நோயும் எல்லைக் கல்லைப் பார்த்துப் பரவுவதில்லை. ஒருவரின் அலட்சியத்துக்கு அடுத்த நிலத்துக்காரர் விலை கொடுக்கிறார். தனி மனிதரின் லாபக் கணக்கில் ஏறாத இத்தகைய இழப்பைப் பொருளியலார் 'புறவிளைவு' என்பர். அதைச் சரிசெய்யச் சட்டமோ மானியமோ தேவை. பின்லாந்து சட்டத்தைத் தேர்ந்தது. வித்துகள் பரவும் மே முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், நோய் அபாயமுள்ள பகுதிகளில் ஊசியிலை மரங்களை வெட்டுவோர் தடுப்பு நடவடிக்கை எடுப்பது அங்கு 2016 முதல் கட்டாயம்.

இதைச் சர்வரோக நிவாரணி என்று எண்ணிவிடவும் கூடாது. ஏற்கெனவே வேரில் நோய் புகுந்த மரத்தை இது குணப்படுத்தாது. தெளிப்பில் இடைவெளி விட்டால் பகைவன் அவ்வழியே நுழைவான். பரந்த நிலப்பரப்பில் ஒரே வகைப் பூஞ்சையைப் பெருமளவில் பரப்புவது அதன் இயற்கையான பன்முகத்தன்மையைப் பாதிக்குமா என்பதையும் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. வேரழுகலைத் தடுக்க நம் உழவர்கள் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழு உரத்தில் கலந்து இடுகிறார்கள். அதன் ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள அலகுகள் இருக்க வேண்டும் என்பது இந்திய அரசின் தர விதி. ஆனால், இது உயிருள்ள பொருள். கோடை வெயிலில் கடை அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலத்தில் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்பதை வாங்குபவரால் பார்த்தறிய இயலாது. இறந்த பூஞ்சைக்கும் அவர் முழு விலை கொடுக்கிறார். பயிர் அழுகினால் உயிரியல் முறையின் மீதே நம்பிக்கை இழக்கிறார்.

எனவே, உற்பத்திக் கூடத்தோடு நின்றுவிடாமல் விற்பனைக் கடை வரை தரச் சோதனை நீள வேண்டும். நன்மை செய்யும் பூஞ்சையை ஆய்வகம் கண்டுபிடித்துத் தரலாம். அது உயிரோடு வேரைச் சென்றடைவதை உறுதிசெய்ய வேண்டியது அரசின் கடமை.